ஓர் உயிரும் சாகாத கடை

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறைகிறது. மூத்த மகள் என்பதால் இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுக்கா" என்றாள் தங்கை. நல்லதும் எழுதுகிறேன்.

நைனா மேல்சித்தாமூரில் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, செஞ்சியில் மூட்டை தூக்கிப் பிழைத்து, பிறகு கடைத்தெருவில் சொந்தமாக அரிசி, பயறு கடை வைத்தார். இளமையில் துறவு போக நினைத்தவர். குடும்பம் விடவில்லை. அதனால் கடையையே விரதமாக்கிக்கொண்டார். விளக்கு ஏற்றினால் பூச்சி விழும் என்று சந்தை நாளில்கூடப் பொழுது சாயும் முன் கதவைச் சாத்துவார். தானியத்துக்கு வண்டு மருந்து வைக்க மாட்டார். புழு துடிக்கும் என்று வெயிலிலும் காயவைக்க மாட்டார். "என் கடையில ஒரு உசுரு சாகக் கூடாது. எனக்கு இதாம்மா கோயிலு" என்பார். அனந்தபுரத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து, அவரைக் கும்பிட்டுவிட்டு வாங்கிப் போனார்கள்.

கும்பிடு அவருக்கு, முறம் எங்களுக்கு. அம்மாவும் நானும் பின்கட்டு நிழலில் பாய் விரித்து, மூட்டை மூட்டையாகப் புடைத்துச் சலித்து, வண்டுகளை உயிரோடு பிரித்தெடுப்போம். அவற்றை வேலியோரம் விட்டு, பிழைக்கட்டும் என்று ஒரு பிடி நொய்யும் போட்டுவிட்டு வர வேண்டும். "நொய் போட்டியா?" என்று நைனா தினமும் கேட்பார். நாங்கள் சாப்பிட்டோமா என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினேன். பிளஸ் டூ சேர விண்ணப்பமும் வாங்கி வைத்திருந்தேன். அந்த வருடம் உளுந்தில் வண்டு அதிகம்.

"நீ ஸ்கூலுக்குப் போய்ட்டா அம்மா ஒண்டியா இன்னா பண்ணுவா? மருந்து வெக்கச் சொல்றியா?" என்றார் நைனா.

"அதுங்களப் பாக்கறீங்களே, இது உசுரு இல்லியா?" என்று அம்மா என்னைக் காட்டிக் கேட்டார். நைனா கடைக்குப் போய்விட்டார். விண்ணப்பம் அடுப்புக்குப் போயிற்று. தூசி நெஞ்சில் சேர்ந்து இழுப்பு வந்து, மூன்று வருடத்தில் அம்மா போய்ச் சேர்ந்தார். அதன் பிறகும் ஊர் அதை ஓர் உயிரும் சாகாத கடை என்றே சொன்னது.

நைனா பொய் பேசியதில்லை, எடை குறைத்ததில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய புண்ணியத்துக்கு எங்கள் கைகள் தேய்ந்தன. அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

பக்கவாதம் வந்து அவர் படுத்தபோது தங்கை பத்தாவது முடித்திருந்தாள். அடுத்த முறம் அவளுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். கடையை நான் ஏற்ற முதல் வாரமே கிடங்கில் மருந்து வைத்தேன். முறங்களைப் பரணில் ஏற்றினேன். நைனாவிடம் சொல்லவில்லை.

கண்மூடுவதற்குச் சில நாள் முன்பு ஒரு பிடி உளுந்து கொண்டுவரச் சொன்னார். மடியில் பரப்பி, நன்றாயிருந்த கையின் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு வண்டுகூட இல்லை.

"நீயே சலிச்சியா?"

"ஆமா நைனா."

என் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தார். "கை வலிக்குதாம்மா?"

அத்தனை வருடம் சலித்தபோது கேட்காததை, சலிக்காத அன்று கேட்டார். "இல்ல நைனா" என்றேன். அன்று நான் அவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. வெளியே வந்து கிடங்கில் உட்கார்ந்து அழுதேன்.

நைனாவைத் தூக்கி உட்காரவைக்க நாள் தவறாமல் வந்த பக்கத்துக் கடை பாய்க்கும், கடைசிவரை உடனிருந்த உறவினர்களுக்கும் நன்றி. இந்த மலரை வாங்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கடையில் இப்போது மருந்து வைக்கிறோம். நைனாவுக்கு மறைத்ததை உங்களுக்கு மறைக்க விருப்பமில்லை. மனம் ஒப்பாதவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம். தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். அதற்காகச் செத்த வண்டுகளுக்கும் என் நன்றி.