கம்ப்யூட்டர் வற்றவைத்த கிணறுகள்

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன வாரம் போன் செய்தாள். நேற்றுவரை சரியாக வந்துகொண்டிருந்த ஒரு கணக்கு, கம்ப்யூட்டரில் புதுப் பதிப்பு ஏற்றியதும் வேறு விடை தருகிறதாம். என்னிடம் சொல்லி என்ன பயன்? போனை என் மனைவி வசந்தாவிடம் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே வந்து சத்தமில்லாமல் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. எங்களுக்குக் கல்யாணமான புதிது. நான் திருவண்ணாமலையில் தபால் ஆபீஸ் குமாஸ்தா. வசந்தா கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மல்லாட்டை எப்படி விளைகிறது என்பதுதான் விஷயம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மகசூலைத் தீர்மானிப்பது மழையா, கோடையில் கிணற்றில் நிற்கும் தண்ணீரா? ஞாயிறுதோறும் ஊர் ஊராகப் போவோம். கேள்வி கேட்பது அவள். கிணற்றுக்குள் கயிற்றை விட்டு ஆழம் பார்ப்பது நான். புது மாப்பிள்ளை கயிறும் கல்லுமாகக் கிணற்றங்கரையில் நின்றால் ஊர் என்ன நினைக்கும்? ஒரு அம்மாள் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தே விட்டார்.

சில வீடுகளில் மகசூலைச் சொல்லிவிடுவார்கள். கிணறு தூரத்துக் கழனியில் இருக்கும். அதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அப்புறம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஆழத்துக்கான இடத்தைக் காலியாக விட்டு வருவோம்.

கணக்குப் போட மெட்ராஸுக்குப் போகவேண்டும். கம்ப்யூட்டர் இருந்த கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகமுடியும், கோயிலைப் போல. உள்ளே மார்கழிக் குளிர். விவரங்களைத் துளைகளாகப் பதித்த அட்டைகளை ஜன்னலில் கொடுத்துவிட்டு மறுநாள் போனால், ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளமான காகிதத்தில் விடை வரும். அந்தக் காகிதத்துக்கு ஒரு வாசனை உண்டு. பின்னாளில் மகளின் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டதெல்லாம் அதில்தான். அவள் இன்று பார்க்கும் வேலைக்கு அதுதான் காரணம் என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

விடை தெளிவாக வந்தது. எல்லாம் மழைதான், கிணற்றுத் தண்ணீரால் பெரிய வித்தியாசம் இல்லை. வசந்தா அதை வைத்து இரண்டு அத்தியாயம் எழுதினாள். பிறகு மகள் பிறந்தாள். ஆராய்ச்சி டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

மறுபடி அவள் அதை வெளியே எடுத்தபோது எண்பதுகளில் பாதி போயிருந்தது. பதிவுக் காலம் முடியப்போகிறது, இனி நீட்டிப்புக் கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. அவளுடைய பேராசிரியர், ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் கணக்கை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடச் சொன்னார். இதற்கிடையில் அங்கே மெஷினும் மாறி, கணக்குப் போடும் புரோகிராமுக்கும் புதுப் பதிப்பு வந்திருந்தது. அதே அட்டைகள்தான். விடை மட்டும் தலைகீழ். கிணற்றுத் தண்ணீர்தான் முக்கியம், மழை அதற்குப் பிறகுதான் என்றது.

அன்று மெட்ராஸிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவள் அந்தக் காகிதத்தையே புரட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் எனக்குத் தெரிந்த யோசனையைச் சொன்னேன்.

"பழசையே வெச்சு குடுத்துடு. யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே," என்றாள்.

பேராசிரியரும் கொஞ்சம் நாகரிகமாக அதையேதான் சொன்னாராம். இவள் கேட்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து என் சித்தப்பா வாங்கிவந்த சின்னக் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். பெரிய கணக்கையெல்லாம் தொடவில்லை. கிணறுகளின் சராசரித் தண்ணீர் ஆழம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தாள். இரண்டு காகிதத்திலும் அதுவே ஒத்துப்போகவில்லை. கூட்டினாள், வகுத்தாள், அழித்தாள். ஒருநாள் ரசம் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

காலியாக விட்ட வீடுகளைச் சேர்க்காமல் வகுத்தால் புதிய விடை. அவற்றில் தண்ணீர் பூஜ்யம் என்று வைத்து வகுத்தால் பழைய விடை. பழைய பதிப்பு, நாங்கள் பார்க்காமல் விட்ட கிணறுகளையெல்லாம் வற்றிய கிணறு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. வற்றிய கிணற்றுக்காரனுக்கும் நல்ல மகசூல் என்றால், தண்ணீருக்கு என்ன மதிப்பு இருக்கும்? புதியது அந்த வீடுகளையே தள்ளிவிட்டிருக்கிறது.

இத்தோடு புதியதுதான் சரி என்று எழுதியிருக்கலாம். அவளுக்கு அதுவும் போதவில்லை. தள்ளிவிட்ட வீடுகளும் வீடுகள்தானே, போய்க் கேட்டுவிடலாம் என்றாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மொபெட்டில் கிளம்பினோம்.

அடி அண்ணாமலையில் குப்புசாமி என்பவர் வீட்டுக்குத்தான் முதலில் போனோம். களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. வசந்தா நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"எங்க கெணறு காஞ்சி போச்சுன்னா எழுதுனீங்க?"

"நாங்க எழுதலீங்க. காலியா விட்டுட்டோம். மிஷினு அப்படி எடுத்துக்கிச்சு."

"எழுதாம வுட்டா இல்லன்னு அர்த்தமா?" என்றவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வாங்க காட்றேன். அந்த வருசம் கோடையிலதான் என் தம்பி கல்யாணம். பந்திக்கே இந்தத் தண்ணிதான். அதோ, அந்தப் படியில குந்திக்கினு மொண்டாங்க."

படியைக் காட்டினார். நான் அங்கிருந்து அடிவரை கயிற்றை விட்டேன். திரும்பும்போது சட்டி நிறைய வேகவைத்த மல்லாட்டை கொடுத்தார்கள். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இப்படித்தான். கல்யாணம், பிரசவம், மாடு தவறி விழுந்தது என்று ஏதாவது ஒன்றை வைத்து ஞாபகம் சொன்னார்கள். சிலர் ஊரை விட்டே போயிருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கிடைக்கவில்லை என்றே எழுதினாள்.

மறுபடி அட்டை, மறுபடி மெட்ராஸ். விடை புதியதன் பக்கமே நின்றது, மழைக்கும் கிணற்றுக்கும் உள்ள இடைவெளி மட்டும் கொஞ்சம் கம்மி. இரண்டு அத்தியாயங்களையும் திருப்பி எழுதினாள். இரண்டு பதிப்பும் ஏன் இரண்டு விதமாகச் சொல்லின என்று சின்னதாக ஒரு குறிப்பைச் சேர்த்தாள். வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பரீட்சகர் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாராம். வெளியே பெஞ்சில் மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் தூங்கிவிட்டேன். வசந்தா தோளைத் தட்டி எழுப்பி, "டாக்டர் வந்திருக்கேன்" என்றாள். எங்கே உடம்பு சரியில்லை என்று கேட்டேனாம். இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்தக் குளிர்ந்த கூடம் இன்று இல்லை. துளையிட்ட அட்டையை மகள் பார்த்ததுகூட இல்லை. போன பௌர்ணமிக்கு மலை சுற்றும்போது குப்புசாமியின் கழனி இருந்த பக்கமாக வந்தோம். கிணற்றைத் தூர்த்து லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நின்ற பையனிடம், இங்கே போர்வெல் எத்தனை அடி என்று வசந்தா கேட்டாள்.

"தெரியலீங்க மேடம். சுச்சு போட்டா தண்ணி வரும்," என்றான்.