நபோரின் பெயரில் ஓர் ஓணான்

மெக்சிகோவின் வடமேற்குக் கடலோரம், மணல்மேடுகளுக்கு நடுவில் எல் மெதானோ என்று ஓர் ஊர். அங்கே பெண்களுக்குள் ஒரு வழக்கம். மகள் வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும்போது, தாய் அவளுடைய துணிமூட்டைக்குள் கொம்பு ஓணான்களை மறைத்துக் கொடுத்தனுப்புவாள். உள்ளங்கையளவு தட்டை உடம்பு, தலையைச் சுற்றி முட்கிரீடம் போலக் கொம்புகள். 'மாதாவின் கன்று' என்பார்கள். போன இடத்தில் எறும்புப் புற்றாகப் பார்த்து விட்டுவிட வேண்டும். கன்று தங்கினால் பெண்ணும் தங்குவாள். கொண்டுவந்ததை மட்டும் புருஷனிடமோ பெற்ற பிள்ளையிடமோ சொல்லக் கூடாது. சொன்னால் வீட்டுக்கு ஆகாது.

சிரிலா உப்பு லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து மலைப்பக்கத்து லா தினாஹாவுக்கு மருமகளாக வந்தபோது, மடியில் பன்றிக்கொழுப்பு டின் ஒன்று இருந்தது. மூடியில் ஆணியால் துளை போட்டிருந்தார்கள். அவள் அம்மாவுக்கு ஒரு ஜோடி போதவில்லை. கைக்கு அகப்பட்டதையெல்லாம் போட்டுக் கொடுத்திருந்தாள். கணவன் ரெமீகியோ கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் சிரிலா வீட்டுக்குப் பின்னால் குன்றடியில் டின்னைக் கவிழ்த்தாள். செம்மண்ணில் கன்றுகள் சற்று நேரம் திகைத்து நின்றன. பிறகு திசைக்கொன்றாக ஓடின.

அவை தங்கின. அவளும் தங்கினாள். மாமியாரின் வசவு, வறண்ட கிணறு, தங்காமல் போன இரண்டு கர்ப்பங்கள் என எல்லாவற்றுக்கும் பிறகு நபோர் பிறந்தான். பெருகிய கன்றுகள் குன்று முழுவதும் பரவியிருந்தன. தலைமுறை போகப்போக மணல்நிறம் மாறி, செம்மண் நிறத்துக்கே வந்துவிட்டன. நபோருக்கு அவைதான் விளையாட்டுத் தோழர்கள். சட்டைப்பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போய், பாதிரியார் காதைப் பிடித்து வெளியே அனுப்பியதும் உண்டு.

அவன் இளைஞனானபோது, பல்கலைக்கழகத்திலிருந்து பெல்ட்ரான் என்ற பேராசிரியர் பாலைவனப் பிராணிகளைக் கணக்கெடுக்க வந்தார். வழிகாட்டியாகப் போன நபோர் தன் குன்றின் கன்றுகளைக் காட்டினான். அவர் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றுவட்டாரத்தில் இருப்பவற்றுக்குக் கொம்பு நீளம், இதற்குக் குட்டை. மூக்கும் தட்டை. இப்படியொன்றை அந்த மலைப்பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. சிலவற்றைச் சாராயப் புட்டிகளில் போட்டு எடுத்துப் போனார்.

அந்த ஆகஸ்ட் மழையில் நபோர் வண்டியோடு ஓடையைக் கடந்தான். வறண்டு கிடக்கும் ஓடை, மேலே எங்கோ பெய்த மழைக்குச் சுவராக எழுந்து வந்தது. வண்டி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

ஒரு வருடம் கழித்துப் பேராசிரியர் வந்தார். இது தனி இனம் என்று அறிவித்துவிட்டதாகவும், அதற்கு நபோரின் பெயரையே வைத்திருப்பதாகவும் சொன்னார். லத்தீன் வால் சேர்த்து 'நபோரி' என்றார். ரெமீகியோ அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். "உலகம் இருக்கிறவரைக்கும் இந்தப் பேர் இருக்கும்" என்றார் பேராசிரியர். இவை எங்கிருந்து வந்தவை என்று சிரிலாவின் நாக்கு நுனிவரை வந்தது. கணவனின் முகத்தைப் பார்த்தாள். விழுங்கிவிட்டாள்.

புதைக்க உடல் இல்லாத வீட்டுக்குக் கல்லறை இல்லை. இறந்தோர் நாளில் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் பூ எடுத்துப் போகும்போது, சிரிலா குன்றடிக்குப் போய் எறும்புப் புற்றில் இனிப்பு ரொட்டியைப் பிய்த்துப் போடுவாள். எறும்பு ரொட்டியைத் தின்னும், கன்று எறும்பைத் தின்னும். அந்தப் பெயர்தான் அவளுக்குக் கல்லறை.

ஆனால் அந்தப் பெயரோடு ஒரு வேலியும் வந்தது. உலகத்தில் இந்தக் குன்றில் மட்டுமே வாழும் இனம் என்று அதிகாரிகள் கம்பி போட்டார்கள். ஆடு ஏறக் கூடாது. ஊருக்கு வேறு மேய்ச்சல் இல்லை. ரெமீகியோவின் தங்கை தொமித்தீலா ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றாள். கடைசி ஆடு போனதும், அவளுடைய ஒரே மகன் எப்ரேன் தெற்கே தக்காளித் தோட்டத்துக் கூலிக்குப் போய்விட்டான்.

தொமித்தீலா அதற்காகச் சண்டை பிடித்ததில்லை. கிண்டல் மட்டும் செய்வாள்.

"அண்ணி, நபோர் பேரை வாங்கின உங்க மருமகளுக வேலிக்குள்ள நல்லா கொழுத்துட்டாளுக. பேரன் பேத்தி எடுத்தாச்சு போல."

"எடுத்தாச்சு. உனக்கும் ஒண்ணு தரட்டுமா, பால் கறக்க?"

"கறந்தா எறும்புதான் வரும்."

இருவரும் சிரிப்பார்கள். தொமித்தீலா போன பிறகு சிரிலா தன் தட்டை அப்படியே மூடி வைத்துவிடுவாள்.

இப்படியே வருடங்கள் போயின. பெல்ட்ரான் காலமாகிவிட்டார். ஒரு குளிர்காலக் காலையில் அபிகாயில் என்ற இளம் ஆய்வாளர் வந்தார். ரெமீகியோ முற்றத்தில் நாற்காலி போட்டார். காப்பியும் அவரைக்கூழும் ரொட்டியும் வந்தன. தொமித்தீலாவும் வந்து உட்கார்ந்தாள்.

"போன வருஷம் எங்க ஆளுங்க வந்து இந்த ஓணான்களோட வால் நுனியில கொஞ்சம் வெட்டி எடுத்துட்டுப் போனாங்கல்ல, சோதிச்சுப் பாத்துட்டோம்" என்றார் அபிகாயில். "கடலோர மணல்ல இருக்கிற இனத்தோட இது ரொம்ப நெருக்கம். ஆனா நடுவுல இருக்கிற சமவெளியில ஒண்ணுகூட இல்ல. அதான் குழப்பம்."

"அதுக்கு என்னம்மா?" என்றார் ரெமீகியோ.

"ரொம்பப் பழைய காலத்துல தானா வந்து தனிச்சுப்போன கூட்டம்னா, தனி இனம்னு வாதாட இடமிருக்கு. பேர் நிக்கும். மனுஷங்க யாராவது கொண்டுவந்து விட்டிருந்தா தனி இனம் இல்ல. கடலோரத்து இனத்தோட பழைய பேர்தான் இதுக்கும்."

"அப்ப எங்க பையன் பேரு?"

அபிகாயில் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரேயடியா அழிச்சுட மாட்டாங்க ஐயா. விலக்கின பேர்னு புத்தகத்துல ஒரு ஓரமா இருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க." பிறகு தயங்கிக் கேட்டார். "இந்த ஊர்ல கடலோரத்துல இருந்து வந்தவங்க யாராவது உண்டா?"

"என் கிழவி அங்கேருந்து வந்தவதான்" என்றார் ரெமீகியோ. "அவ கொண்டுவந்தது ரெண்டு பாத்திரமும் ஊர்ப்பட்ட வாய்க்கொழுப்பும்."

தொமித்தீலா சிரித்தாள். அபிகாயிலும் சிரித்தார். பேச்சு அத்தோடு கடந்து போயிருக்கும். சிரிலாவும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் தொமித்தீலா மெல்லக் கேட்டாள். "தனி இனம் இல்லேன்னா வேலியை எடுத்துடுவாங்களா டாக்டரம்மா?"

"எடுக்கத்தான் வேணும். அப்புறம் வேலிக்குக் காரணமே இல்லையே."

தொமித்தீலா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். "சும்மா கேட்டேன் அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க. பையன் பேரு இருக்கட்டும்."

அவள் ஏதாவது ஏசியிருந்தால் சிரிலா வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள்.

"நான்தான் கொண்டுவந்தேன்" என்றாள் சிரிலா.

டின்னையும் துளையையும் உப்பு லாரியையும் சொன்னாள். சொல்லக் கூடாது என்ற வழக்கத்தையும் சொன்னாள். அபிகாயில் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. தொமித்தீலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரெமீகியோ எழுந்து, தொப்பிகூட எடுக்காமல் வெளியே போனார்.

மழைக்காலத்துக்கு முன்பே கம்பிகளைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். குன்றில் வேறு வீட்டு ஆடுகள் ஏறின. தொமித்தீலா கடன்பட்டு இரண்டு குட்டிகள் வாங்கினாள். எப்ரேன் வருகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறான். இன்னும் வரவில்லை.

ரெமீகியோ அதுவரை மனைவியோடு பேசவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், கிணற்றுக் கயிற்றை மாற்றினார். பெயர் போன கோபம் என்று சிரிலா நினைத்திருந்தாள். ஒருநாள் காலை, அவள் மாவைக் கையில் வீசி அகலமாக்கிக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"ஏ கிழவி. சின்னப் பிள்ளையில அவன் உன்கிட்ட கேட்டானே. இதுங்க எங்கேருந்து வந்துச்சு, வேற குன்றுல ஏன் இல்லேன்னு. என்ன சொன்ன?"

"மழையோட விழுந்துச்சுன்னு சொன்னேன்."

"நம்பினானா?"

"அப்ப நம்பினான். பெரியவனானப்புறம் கேக்கல."

"உன்கிட்ட கேக்கல. ஊர்ல உள்ள ஒவ்வொரு குன்றா ஏறித் தேடினான். செருப்புத் தேயத் தேயத் தேடினான். அந்த ஓடையைத் தாண்டினதே அந்தப் பக்கத்துக் குன்றைப் பாக்கத்தான்." ரெமீகியோ படியிலேயே உட்கார்ந்தார். "பேரு போனா போகுது. அவன்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்."

ஏதோ வேலையாகப் போனான், வெள்ளம் கொண்டுபோயிற்று என்றுதான் அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். எந்தக் குன்றுக்கு, எதைத் தேடி என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"உனக்குத் தெரியுமா அது?" என்று கேட்டாள்.

"போறப்ப என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்."

கல்லில் கிடந்த ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டிருந்தது. அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அவர் இன்னும் சாப்பிடவில்லை என்று அடுத்த மாவு உருண்டையை எடுத்தாள்.