கதை எழுதத் திருவண்ணாமலை போனேன்

1983 மே மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு வேலூரில் பஸ் ஏறினேன். மடியில் என் நாவல். சென்னைப் பதிப்பாளர் அதை இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார். பின்பாதியை மாற்றி மாதக் கடைசிக்குள் கொடுத்தால் மறுபடி பார்க்கிறாராம். வீட்டில் மாமனாரின் ரேடியோவுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு பக்கம்கூட நகரவில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. "ரெண்டு தரம் திரும்பி வந்தது போதாதா?" என்றார் கணவர். போதவில்லை என்றுதான் கிளம்பினேன்.

போளூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலை தெரிந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எண்பது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வீட்டின் முன்னறை நாளுக்கு எட்டு ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டுக்காரி சரோஜாவுக்கு என் வயதுதான் இருக்கும். கீழ்பென்னாத்தூரில் அவர்களுக்கு நிலம் உண்டு. "தனியாவா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றே எழுத உட்கார்ந்தேன். மறுநாள் காலை கதவோரம் ஒரு சொம்பு மோர் இருந்தது. வெளியே குழந்தைகள் கத்தியபோது சரோஜா அடக்கினாள்: "சத்தம் போடாதீங்க. அம்மா எழுதினு இருக்காங்க." பதினோரு வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்காக ஒருவரும் சொல்லாத வார்த்தை. அழுகை வந்துவிட்டது. அன்று பேனா நிற்கவே இல்லை.

சாயங்காலம் அவள் வாசலில் வந்து நின்றாள்.

"எத்தினி ஆச்சுங்க?"

"ஒரு அத்தியாயம்."

"அது இல்லீங்க. எங்க நாத்தனாரு லட்சம் 'நமசிவாய' எழுதிக் கோயில்ல குடுத்துட்டா. நீங்க எத்தினினு வேண்டினு இருக்கீங்க?"

அப்போதுதான் விளங்கியது. இந்த ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு நாளெல்லாம் எழுதினால் அது வேண்டுதல். லேசாகத் தலையாட்டினால் போதும், மோர் தொடர்ந்து வரும். ஆனால் என் எழுத்தை வேறு பெயரில் மதிக்கவைக்க மனம் ஒப்பவில்லை.

"கதை எழுதறேன், சரோஜா."

"கதையா? அதுக்கா வூட்ட வுட்டு வந்தீங்க?"

சனிக்கிழமை மோர் வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே நாலு பெண்கள் விதைக்கடலை உடைக்க உட்கார்ந்தார்கள். நடுவில் ரேடியோ அலறியது. என் வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பையை எடுத்து ஒரு புடவையை மடித்தேன். அப்புறம் என்மேலேயே கோபம் வந்தது. மோரை நம்பியா நாவல் எழுத வந்தேன்?

வெளியே போனேன். "சரோஜா, மத்தியானம் வரைக்கும் ரேடியோவைக் கம்மி பண்ணுங்க. கதைதான் எழுதறேன். ஆனா முடிச்சாகணும்."

என்னைப் பார்த்தபடியே கையை நீட்டி ரேடியோவின் குமிழைத் திருகினாள். "சொன்னாத்தானங்க தெரியும்."

பக்கத்தில் கடலை உடைத்தவள் கேட்டாள், "கதையில யாரு சாவறாங்க?"

"இன்னும் யாரும் சாகல," என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை மதியம் முடித்தேன். இனி எல்லாவற்றையும் திருத்திச் சுத்தப் பிரதியாக எழுத வேண்டும். திரும்பும் பஸ்ஸில் மலை பின்னால் போய்க்கொண்டிருந்தபோது, நன்றாக வந்திருக்கிறதா என்ற பயம் மறுபடி பிடித்தது. மூன்றாம் தரமும் திரும்பி வரலாம். வந்தால் நான்காம் தரம் எழுதுவேன். எனக்கு உறைத்தது வேறொன்று. வீட்டில் இத்தனை வருடமாக யாராவது தானாக ரேடியோவைக் கம்மி பண்ணுவார்கள் என்று காத்திருந்தேனே தவிர, ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை.

வீட்டில் நுழைந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பையைக் கீழே வைத்தேன்.

"மாமா, ஒன்பது மணி வரைக்கும் ரேடியோவைக் கம்மி பண்ணுங்க. நான் கதை எழுதணும்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். கணவர் பேப்பரை இறக்கினார். ரேடியோவை யாரும் தொடவில்லை. நானும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.