மூன்று வருஷத்தில் காய்க்காத புளி

நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவன். அதற்கு மேல் படித்திருந்தால் இவ்வளவு சம்பாதித்திருக்க மாட்டேன் என்று சொன்னால் என் மருமகன்கள் சிரிப்பார்களே தவிர மறுத்துப் பேச மாட்டார்கள். ஜவ்வாது மலையிலிருந்து தலைச்சுமையாகப் புளி இறக்கிச் செங்கத்தில் விற்றவன், அதே செங்கத்தில் இன்று சொந்தக் குடோன் வைத்திருக்கிறேன். என் லாரி போகாத சந்தை இந்தப் பக்கம் கிடையாது. புளியைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றுதான் போன மாசி வரைக்கும் நினைத்திருந்தேன்.

ஐந்தாறு வருஷம் முன்பு, கீழே இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். விஞ்ஞானி. மலையில் நல்லதாக இருக்கும் புளிய மரங்களிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக்கன்று கட்டி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நட்டு, எது நன்றாகக் காய்க்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு நிலம் கேட்டாள். சாமை விதைத்துக்கொண்டிருந்த மேல்கொல்லையைக் கொடுத்தேன். மலையிலேயே சிறந்த மரம் என் களத்து மேட்டில் நிற்கிறது என்றும் சொன்னேன். சுளை சுளையாகச் சதை, பேருக்குத்தான் கொட்டை. அதிலிருந்து ஒரு வரிசை நட்டாள்.

"ஒப்பிட்டுப் பாக்க ஒரு சுமாரான மரமும் வேணுங்கய்யா" என்றாள்.

யோசிக்கவே இல்லை. பங்காளியின் வேலியோரத்து மரத்தைக் காட்டினேன். "தோ, அத்த எடுத்துக்கோ. அதவிட மட்டமானது இந்த மலையில கெடைக்காது."

எனக்கும் பங்காளிக்கும் வரப்புத் தகராறு உண்டு. அது இங்கே வேண்டாம்.

நட்டு முடித்த அன்று கேட்டேன். "எத்தன வருசத்துத் திட்டம் பாப்பா?"

"மூணு வருஷங்கய்யா."

"மூணு வருசத்துல புளி காய்க்குமா?"

"காய்க்காதுங்க. ஒட்டுக்கன்னே நல்லா காய்க்க அஞ்சாறு வருஷம் ஆவும்."

"அப்பறம் இன்னாத்துக்கு மூணுன்னு எழுதுன?"

"ஆறுன்னு எழுதுனா திட்டத்தையே தர மாட்டாங்கய்யா. மூணுன்னு வாங்கிட்டு அப்பறம் நீட்டிக் கேக்கலாம்னு சொன்னாங்க."

எனக்கு அன்றைக்கே எரிச்சல் வந்தது. லாரி வாங்கக் கடன் கேட்டுப் போனபோது வண்டி எப்போது ஓடத் தொடங்கும் என்று பேங்க்காரன் கேட்டான். இங்கே மரம் எப்போது காய்க்கும் என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

பணம் வந்த அழகையும் சொல்ல வேண்டும். ஆடியில் நட வேண்டிய கன்றுக்குத் தையில் பணம் வந்தது. பங்குனி முடிவதற்குள் செலவு செய்யாவிட்டால் திரும்பப் போய்விடுமாம். ஆகவே வெயில் ஏறுகிற காலத்தில் நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைத்தோம். வேலி போட வழியில்லை, ஆனால் கேமரா வாங்க வழியிருந்தது. ஆடு கன்றைக் கடிப்பதைப் படம் பிடிக்கவா என்று கேட்டேன். வேலியை நான் போட்டேன். கன்று முழங்கால் உயரம் நின்றபோது, திட்டத்தின் பேர் எழுதிய இரும்புப் பலகை வீட்டுக் கதவு உயரத்துக்கு வந்து இறங்கியது.

மூன்றாம் வருஷ முடிவில் கீழே ஒரு கூட்டம். விவசாயி என்று என்னையும் அழைத்துப் போனாள். பெரிய மேசை, முந்திரி பிஸ்கட். "மகசூல் எவ்வளவு?" என்று ஓர் அதிகாரி கேட்டார். இன்னும் காய்க்கவில்லை என்றாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்தேன்.

"சார், புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே அது இன்னா படிச்சிருக்குதுன்னு கேக்கறீங்களே?"

சிரித்தார்கள். தலைமையில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். வெளியே டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க சொல்றது சரிதாங்க பெரியவரே. எனக்கும் மேலேர்ந்து மூணு வருஷம்னுதான் வருது. மரத்துக்கு தனியா ஒரு விதி போடுங்கன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன்."

அவருக்கு மேலே இருப்பவருக்கும் அப்படித்தான் வருகிறது போல. கடைசியாக மேலே யார்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் குடோனில் தப்பு நடந்தால் யாரைத் திட்டுவது என்று எல்லோருக்கும் தெரியும். என்னைத்தான்.

திட்டத்தை மூடினார்கள். அவள் வேலையும் அதோடு போயிற்று. ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன் என்று சொல்ல வந்தவள், மேல்கொல்லையில் வரிசை வரிசையாக நடந்தாள். ஒவ்வொரு மரத்திலும் அவள் கட்டிய தகர வில்லை ஆடிக்கொண்டிருந்தது.

"வேற எதுவும் கேக்கலைங்கய்யா. காய்க்கற வரைக்கும் வெட்டிடாதீங்க. எது நல்ல மரம்னு தெரியாமலே போய்டக் கூடாது."

"எதுன்னு எனக்குத் தெரியும், என்னுதுதான்" என்றேன். "ஆனாலும் வெட்ட மாட்டேன், போ."

போன வருஷம் வைகாசியில் நன்றாகப் பூ விட்டது. அடுத்த மாசமே, ஆனியில், அதே நிலையத்திலிருந்து, வேறொரு திட்டத்தோடு ஒரு சின்ன அதிகாரி வந்தார். மலையில் ஒட்டுப்புளி எப்படிக் காய்க்கிறது என்று பார்க்கப் போகிறார்களாம். வேலியும் பாதையும் இருப்பதால் என் மேல்கொல்லையே தோது. நிற்கிற மரங்களை எடுத்துவிட்டுப் புதிதாக நட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

"எடுத்துட்டா? பூ வுட்டுருக்குது, பாரு தம்பி!"

"பாத்தேங்க. நல்லாருக்கு."

"நீ கேக்கறதுக்கு பதிலு தோ நிக்குது. அளந்து எழுதிக்கினு போ."

"அது மூடின திட்டங்க. புதுத் திட்டத்துல பழைய மரத்துக்கு ஒரு ரூபா செலவு பண்ணாலும் ஆடிட்ல கேப்பாங்க."

"வெட்டிட்டு நட்டா கேக்க மாட்டாங்களா?"

"அது நிலம் தயார்படுத்தறதுங்க. அதுக்குப் பணம் இருக்குது."

சொட்டுநீர்க் குழாய், மோட்டார் எல்லாம் தருவதாகச் சொன்னார். என் சம்சாரம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "மோட்டாராம்ல. யோசன பண்ணிச் சொல்லேன்."

"வாக்கு குடுத்துட்டேன்."

"எனக்குக் குடுத்த வாக்கெல்லாம் எங்க போச்சி?" என்றாள்.

நிலம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் நட நல்ல மரம் எது என்று அவர் கேட்டபோது, களத்து மேட்டு மரத்தில் வேண்டுமளவு குச்சி வெட்டிக்கொள்ளச் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது.

அவர் நேரே பங்காளியிடம் போனார். பங்காளிக்கு மோட்டார் வந்தது, குழாய் வந்தது, என்னுடையதைவிடப் பெரிய பலகையும் வந்தது. கன்றுக்கு நிழல் விழக் கூடாதென்று வேலியோரத்து மரத்தை அறுத்துத் தள்ளினார்கள். அடிமரத்தைக் கறிக்கடைக்காரர்கள் கறி வெட்டும் கட்டைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாசியில் பழம் பழுத்ததும் அவளுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, செங்கம் பஸ்ஸில், கைக்காசு போட்டு வந்தாள். கிளை கிளையாக உலுக்கினோம். ஒவ்வொரு வரிசையையும் தனித்தனிக் கோணியில் கட்டி, குடோன் தராசை மேலே ஏற்றி நிறுத்தோம். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, சதையைத் தனியாக நிறுத்தாள். நான் என் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காய்ப்பு சொற்பம்.

கடைசி வரிசைக்கு வந்ததும் கோணி போதவில்லை. அவள் ஒரு சுளையைக் கடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நானும் கடித்தேன்.

"இது எந்தத் தாய்மரம்னு ஞாபகம் இருக்குதுங்களாய்யா?"

இல்லாமலா? நானே காட்டியது. பங்காளியின் வேலியோரத்து மரம், ரோட்டைப் பார்த்து நின்றது. பாதியை ஆட்டுக்குத் தழை ஒடிப்பார்கள், மீதியைப் பிள்ளைகள் செங்காயாகவே பறித்துத் தின்றுவிடும். அதில் முழுசாகப் பழுத்த பழத்தை நானோ பங்காளியோ என்றைக்குப் பார்த்தோம்?

"அத்த அறுத்துட்டாங்க பாப்பா."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரிசையை அண்ணாந்து பார்த்து, "அப்போ இனிமே இந்த வரிசதாங்கய்யா தாய்மரம்" என்றாள். ஒரு காய்ப்பை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, இன்னும் இரண்டு வருஷமாவது நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

மறுநாளே கீழே போய் அந்தச் சின்ன அதிகாரியைப் பிடித்தேன். பங்காளி கொல்லையில் நீ நட்டிருப்பது என் மரத்துக் குச்சி, அது அவ்வளவு நன்றாகக் காய்க்கவில்லை, வந்து கடைசி வரிசையில் குச்சி எடு என்றேன். என் மரம் மட்டம் என்று என் வாயாலேயே சொல்ல எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அவர் பொறுமையாகக் கேட்டார். "குச்சி எடுக்கணும்னா தாய்மரத்த நாங்க வந்து பாத்து எழுதணுங்க. தாய்மரம் எங்க இருக்குது?"

"கறிக்கடையில."

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். முகம் சுருங்கிப்போயிற்று. பாவம், நிழல் விழுகிறது என்று சொன்னது அவர்தான். "எங்க திட்டம் முடியும்போது எப்படியும் தெரிஞ்சிடுங்க" என்றார்.

"எப்போ முடியும்?"

"மூணு வருஷத்துல."

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

திரும்பும் வழியில் பங்காளி குழாயைத் திருப்பிக்கொண்டு நின்றான். உன் வேலியோரத்து மரம்தான் மலையிலேயே சிறந்தது என்று அவனிடம் சொன்னேன். "போயா, மோட்டாரு கெடைக்கலன்னு பேஜார் பண்ணாத" என்றான்.

வருகிற ஆடியில் கடைசி வரிசையிலிருந்து நானே ஒட்டுக் கட்டப் போகிறேன். எப்படிக் கட்டுவதென்று அவள் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். லீவு போட்டுவிட்டு மறுபடியும் மாசியில் வருவாள். இந்த ரகத்துக்கு என் பேரை வைப்பார்கள் என்று செங்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். சம்சாரம் அதை மறக்கவில்லை.

"இன்னா, இப்ப பங்காளி பேரத்தான வைக்கணும்?"

"இன்னும் ரெண்டு மாசி போவட்டும்டி" என்றேன். "நிறுத்துப் பாக்காம எதுவும் சொல்லக் கூடாது."