வீட்டுக்கு வந்த தராசு

சந்தையில் அவனுக்குப் பேர் கிராம். அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அது அடையாள அட்டையோடு சரி. கடை கடையாகப் போய்த் தராசு பழுதுபார்ப்பது அவன் பிழைப்பு. பழக்கடை, ஆணிக்கடை, பழைய பேப்பர் கடை என்று எங்கே தராசு மக்கர் செய்தாலும் "கிராமைக் கூப்பிடு" என்பார்கள். வருவான். எடைக்கற்கள் வைத்திருக்கும் மரப்பெட்டியைத் திறப்பான். ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவான். "ரெண்டு மூணு கிராம்தானே அண்ணே, விட்டுத் தள்ளுங்க" என்று கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவான். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்து கையைக் காலைப் பிடித்துத்தான் திரும்பக் கூட்டிப்போக வேண்டும்.

வீட்டிலும் அதே கூத்துதான். வெங்காயம் வாங்கி வந்தால், "ஒரு கிலோ நாலு கிராம் போட்டிருக்கான், நல்ல மனுஷன்" என்பான். அவன் மனைவி டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஊரையே ஏற்றி இறக்குகிற வாய் சும்மா இருக்குமா? "அந்த நாலு கிராமை மட்டும் தனியா வதக்கிடவா?" என்று கேட்பாள்.

இந்த ஜோடிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். பிறந்தபோது மூன்று கிலோ நூற்றுப் பன்னிரண்டு கிராம். வீட்டுக்கு அனுப்பும்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. "எல்லாக் குழந்தைங்களுக்கும் முதல்ல எடை இறங்கும், பயப்படாதீங்க" என்றார் நர்ஸ். "ரெண்டு வாரத்துல பிறந்த எடைக்கு வந்துடணும். வரலைன்னா பவுடர் பால் சேர்க்கிறதைப் பத்திப் பேசுவோம். நடுவுல சந்தேகம் வந்தா எப்ப வேணும்னாலும் வாங்க."

பவுடர் பால் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கண்டக்டர் ஆசை வைத்துவிட்டாள். ஏழாம் மாசம் வரைக்கும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள் அவள். "கூட்டத்துல இடிபட்டு என்கூட நின்னுக்கிட்டே வந்த பொண்ணு. இனிமே உட்கார்ந்து நிதானமா நானே பால் ஊட்டப்போறேன்" என்று அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அது நடக்காமல் போனால் அவள் உடைந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தான்.

கையில் இருந்ததிலேயே நல்ல தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

இருந்ததே இரண்டு அறை. குறுக்கே கட்டிய கொடி முழுக்கக் குழந்தைத் துணி. அதற்குக் கீழே, சாப்பாட்டு மேஜையில், ஆடாமல் அசையாமல் தராசு உட்கார்ந்துகொண்டது. கால்களுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து மட்டம் பார்த்தான். துண்டின் எடையைக் கழித்தான். பால் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை, கொடுத்த பிறகு ஒரு தடவை எடை போட்டால், உள்ளே போன பால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

முதலில் கண்டக்டருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பெண்ணைத் தட்டில் கிடத்தும்போதெல்லாம் "ஏறியாச்சா? போலாம் ரைட்" என்பாள். போகப் போக அந்தச் சிரிப்பு கழன்றுகொண்டது. வெகுநேரம் மடியில் போட்டுக் கொடுத்துவிட்டு, முதுகு விட்டுப்போய் எழுந்து வருவாள். கழித்துப் பார்த்தால் ஒன்பது கிராம்தான் கூடியிருக்கும். அடுத்த தடவை ஏழு. "ஏழுதானா?" என்று கேட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். அவன் தைரியம் சொல்லலாம் என்று வாயைத் திறப்பான். வாயில் வருவது, "நேத்து இதே நேரம் பதினொண்ணு" என்பதாக இருக்கும். அப்படி ஒரு வாய் அவனுக்கு.

கீழ்வீட்டு டெய்லரக்கா ஒருநாள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மேலே வந்தார். கழுத்தில் டேப் தொங்கியது. தராசைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, வீட்டுலயே கடை போட்டாச்சா? பொண்ணு கிலோ என்ன விலை?"

கிராம் சிரித்தான். கண்டக்டர் சிரிக்கவில்லை. டெய்லரக்கா அவள் முகத்தைப் பார்த்தார், பாத்திரத்தை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். டேப்பும் கையுமாகத் திரிகிறவரே கேலி செய்துவிட்டுப் போனது அவனுக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் தராசை எடுக்க மனசு வரவில்லை.

மறுநாள் மதியம் சந்தையிலிருந்து வந்தபோது அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மடியில் பெண் கண் சொருகிக் கிடந்தது. அவள் பார்வை பெண் மேல் இல்லை, மேஜை மேல் இருந்தது. கொடுப்பதற்கு முன் அவளே எடை போட்டு வைத்திருந்தாள். அந்த எண்ணைச் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கி அவனிடம் நீட்டினாள்.

"போட்டுப் பாருங்க. பாஸா ஃபெயிலான்னு சொல்லுங்க."

அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது.  பெண்ணைத் தட்டில் கிடத்தினான். பன்னிரண்டு கிராம் கூடியிருந்தது. எண் அவளுக்குத் தெரியாதபடி குறுக்கே நின்றுகொண்டான்.

"அம்பது" என்றான். "முழுசா அம்பது கிராம் குடிச்சிருக்கா."

 எடைக்கல்லைத் தொட்டுச் சாப்பிடுகிறவன், எடையில் பொய் சொல்லிவிட்டான். அதுவும் பெற்ற பெண்ணின் எடையில்.

அவள் அவன் முழியைப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போய்க் கிட்டே போனான். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வேறு.

"ஏங்க, அம்பதா?"

"ஆமா."

"வெங்காயத்துக்கே நாலு கிராம் கணக்கு சொல்ற ஆளு. பொண்ணுக்கு மட்டும் முழுசா அம்பதா? நாப்பத்தேழு, அம்பத்தொண்ணுன்னு ஏதாவது சொல்லியிருந்தா நம்பித் தொலைச்சிருப்பேன்."

அவன் பெண்ணைத் தட்டிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"டிக்கெட் எடுக்காதவன் முழியைத் தினம் பார்க்கிறவ நான். என்கிட்டயேவா? நிஜத்தைச் சொல்லுங்க."

"பன்னெண்டு."

"பன்னெண்டு." ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முந்தைய நாள்களில் அந்த எண்ணைக் கேட்டு உட்கார்ந்து போயிருப்பாள். அன்று எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். "நீங்களே பொய் சொல்ற நிலைமை வந்துடுச்சுன்னா இது சரிப்படாதுங்க. நான் இவளுக்கா கொடுக்கிறேன்? இந்த மெஷினுக்குக் கொடுத்துட்டிருக்கேன். இவ வாய் வெச்ச உடனே, இது என்ன காட்டுமோன்னு நெஞ்சு அடிச்சுக்குது. பால் பத்தலைன்னா நாளைக்கே நர்ஸைப் போய்ப் பார்ப்போம். ஆனா இது இனிமே இங்க வேணாம்."

"எவ்வளவு உள்ள போகுதுன்னு தெரியாம எப்படி இருக்கிறது?"

"எனக்கும்தான் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து தெரியாம இருப்போம்."

மறுநாள் நர்ஸ் எடையைக் குறித்துக்கொண்டு, அவள் பால் கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொண்டு, நாலு வாய் உறிஞ்சியதும் தூங்கிவிடுகிறது என்றார். "வாயை நல்லா பெருசா திறக்கட்டும், அப்புறம் மார்போட சேர்த்துப் பிடிங்க. தூங்கினா பாதத்தைத் தேய்ச்சு எழுப்புங்க. துணி நல்லா நனையுதான்னு மட்டும் பார்த்துக்குங்க. ரெண்டு வாரம் முடியும்போது இங்க எடை பார்க்கலாம்." கிராமைப் பார்த்து, "அதுவரைக்கும் சார் கையைக் கட்டிட்டு இருக்கணும்" என்று சேர்த்துச் சொன்னார்.

அவன் தராசைத் துணியில் சுற்றிச் சந்தைக்குத் திருப்பி எடுத்துப் போனான். கையைக் கட்டிக்கொண்டிருப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. துணி நனைந்ததா என்று பார்த்தான், அலசினான், கொடியில் போட்டான். காய்ந்ததை மடித்தான். கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கல்லைக் கையில் வாங்கினாலும் எடை சொல்லிவிடுவான் என்று சந்தையில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் தன் பெண்ணை ஏந்தும்போது ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நேரம் பஞ்சாக இருந்தாள். ஒரு நேரம், தோளில் தூங்கிப்போனால், கை கடுக்கும் அளவுக்குக் கனத்தாள். எடை கூடியிருக்கிறாளா என்று மனைவியிடம் கேட்க வாய் வரை வரும், விழுங்கிவிடுவான். அவளோ பெண்ணின் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து, "எழுந்திரு, உன் ஸ்டாப் இன்னும் வரலை" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த அதட்டலைக் கேட்கும்போது அவனுக்குப் பாதி பயம் போய்விடும். மீதி அப்படியே இருந்தது.

அந்த நாளும் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் வரிசையாக அம்மாக்கள், மடியில் துணிப்பொட்டலம் போலப் பிள்ளைகள். இவர்கள் முறை வந்தபோது கண்டக்டரே பெண்ணைத் தட்டில் கிடத்தினாள். தட்டின் குளிர்ச்சி பட்டதும் பெண் வீல் என்று கத்தியது.  எண் நிலைக்கிற வரைக்கும் கிராம் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூன்று கிலோ நூற்று நாலு.

கழித்துப் பார்க்க அவனுக்குக் காகிதமா வேண்டும்? எட்டு கிராம் குறைவு. மூணு கிராமுக்குச் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப்போன மனுஷன், அந்த எட்டை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினான். அவள் தராசைப் பார்க்கவே இல்லை. கத்துகிற பெண்ணிடம் "வரேன், வரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிறந்த எடைக்குக் கொஞ்சம்தான் பாக்கி" என்றார் நர்ஸ். "ஆனா அன்னைக்கு நீங்க வந்தப்ப இருந்ததுக்கு இப்ப எங்கேயோ போயிட்டா. பவுடரெல்லாம் ஒண்ணும் வேணாம். இதேமாதிரி கொடுங்க, அது போதும்."

கிராமுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் அதை மறைக்கவும் இல்லை.

கண்டக்டர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பெண்ணை மடியில் போட்டுக்கொண்டாள். பெண் வாயைப் பெரிதாகத் திறந்து பிடித்துக்கொண்டது. மடக் மடக் என்று விழுங்குகிற சத்தம் நின்றுகொண்டிருந்த அவனுக்கே கேட்டது. அடுத்த அம்மாவின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், குழந்தை குடித்து முடித்ததும் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"சார் முகமே சரியில்லையே. அந்த எட்டு கிராம் உறுத்துதா? வேணும்னா இப்ப இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பெண்ணின் மோவாயில் வழிந்த பாலைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"வேணாம் சிஸ்டர். அந்த எட்டு கிராம் உள்ள போயிடுச்சு, எனக்குத் தெரியும். நீங்க அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."