படிக்கட்டர்

இரும்புப் படிக்கட்டு ஒன்று வீட்டைவிட்டுக் கழன்று விழுந்தால் பெரிய சத்தம் கேட்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பனிக்குள் விழுந்தால் கேட்காது. மொன்ட்ரியாலின் வில்லரேயில் ஒரு மூலை வீட்டின் மேல்மாடியிலிருந்து நத்தை ஓடுபோலச் சுருண்டு இறங்கிய கறுப்புப் படிக்கட்டு என் லொறிப் பெட்டியின் மேல்விளிம்பில் கொளுவுப்பட்டு, கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, முழங்கால் உயரப் பனிக்குள் மெல்லப் போய்ப் படுத்துக்கொண்டது. ரேடியோவில் ஒருவர் அன்றைய பனிப்புயலைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர்கூட நிறுத்தவில்லை. நான் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருக்க, மேலே கதவைத் திறந்துகொண்டு ஒரு பிரெஞ்சு மூதாட்டி வந்தார். கால் வைப்பதற்கு ஒன்றும் இல்லாததைக் கண்டார். பிறகு குனிந்து என்னைப் பார்த்து "பொன்ஜூர்" என்றார். நானும் "பொன்ஜூர்" என்றேன். முக்குக் கடைக்குப் போய் சிகரெட் வாங்க வேண்டும், எப்படி இறங்குவது என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லுமளவுக்கு என் பிரெஞ்சு அப்போது வளர்ந்திருக்கவில்லை. இப்போதும் இல்லை.

அந்த மூலையில் என்னைத் திருப்பச் சொன்னவர் டிஸ்பாச்சர் அண்ணை. அரிசியும் மாவும் பருப்பும் கடைகளுக்கு அனுப்பும் ஒரு களஞ்சியத்தில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்துகொண்டு, எந்த லொறி எந்தத் தெருவால் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அவருடைய வேலை. என்னைப் போல யாழ்ப்பாணத்தார்தான், ஆனால் எனக்கு முந்தி வந்தவர். தான் லொறி ஓட்டிய காலத்தில் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை என்று அடிக்கடி சொல்லுவார். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று தெருமுனையில் நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் பனி மலைபோலக் கிடக்கிறது, பெரிய வீதியால் சுற்றிப் போகிறேன் என்று அவருக்குப் போன் எடுத்தேன். "அந்த மூலையில நான் ஒரு கையில தேத்தண்ணியோட திருப்பியிருக்கிறன். சுத்திப் போனா டீசலுக்கு ஆர், உம்மட மாமனாரோ குடுக்கிறது? திருப்பும் காணும்" என்றார்.

திருப்பினேன். ஒடுங்கிய மூலையில் நீட்டு லொறியைத் திருப்புவது பற்றிச் சொல்வதானால், முன்சக்கரம் நாம் காட்டிய வழியில் போகும். பின்சக்கரம் சோம்பேறி மருமகனைப்போல எப்போதும் குறுக்கு வழியில்தான் வரும். அதனால் முதலில் மற்றப் பக்கம் அகல எடுத்து, பின்சக்கரம் மூலையைத் தாண்டும்வரை பொறுத்து, பிறகுதான் வெட்ட வேண்டும். பனிக்காலத்தில் அகல எடுக்க இடம் இராது. மற்றப் பக்கம் பனிக்குள் பாதி புதைந்த கார்கள் நிற்கும். நடுவில் பிரேக்கை மிதித்தால், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் பிடித்தாலும் லொறி தன் பாட்டில் நேரே போகும். நான் பிரேக்கைத் தொடவில்லை, ஊர்ந்துதான் திருப்பினேன். ஆனால் மூலையில் ஒதுக்கிவிட்ட பனி இரவோடு இரவாகக் கல்லாக உறைந்திருந்தது. பின்சக்கரம் அதில் ஏறியது. சக்கரம் ஒரு சாண் ஏறினால் பெட்டியின் உச்சி ஒரு முழம் சரியும். அந்த முழத்துக்குள்தான் மூதாட்டியின் படிக்கட்டு இருந்தது.

தீயணைப்புக்காரர் வந்து மூதாட்டியை ஏணியால் இறக்கிக்கொண்டிருந்தபோது டிஸ்பாச்சர் அண்ணையும் வந்து சேர்ந்தார். தான் போனில் சொன்னதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பனிக்குள் கிடந்த படிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன்னோடு வந்த இரண்டு ட்ரைவர்மாரைப் பார்த்தார். "சரி படிக்கட்டர், ஏறும், போவம்" என்றார். அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குப் பட்டம் வைத்தால் அது பேரப்பிள்ளைவரை போகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அந்த மனிதருக்கு அதில் ஒரு கொடிய திறமை இருந்தது. குளிருக்கு மூன்று ஜாக்கெட் போட்ட மட்டக்களப்புப் பெடியனுக்கு 'வெங்காயம்' என்று வைத்தார். அவன் இன்று மூன்று வீட்டுக்குச் சொந்தக்காரன், இன்றும் வெங்காயம்தான். எனக்கு மட்டும் கடைசியில் ஒரு 'ர்' சேர்த்திருந்தார். "மரியாதையாத்தானே ஐசே சொல்லுறன்" என்பார்.

பெயர் எனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கோயிலில் படிக்கட்டர், சலூனில் படிக்கட்டர். மகளுக்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வழக்கம்போல இங்கே நாலு பேருக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். "ஆர், படிக்கட்டரின்ர மகளோ? தங்கமான பிள்ளை" என்று நாலு பேரும் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு நித்திரை போய்விட்டது. படிக்கட்டர் என்றால் எந்தப் பகுதி, அதாவது என்ன சாதி, ஆக்கள் எப்படி என்று அவர் தெரிந்த கிழடுகளையெல்லாம் கேட்க, அப்படி ஒரு பகுதியை ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. கடைசியில் லொறி, பனி, மூலை, மூதாட்டி எல்லாவற்றையும் நானே அவருக்குப் போனில் விளக்க வேண்டி வந்தது. வருங்காலச் சம்பந்தியோடு முதன்முதல் பேசுவதற்கு அதைவிட நல்ல விஷயங்கள் உலகத்தில் உண்டு.

கலியாணக் கார்ட் அடித்தபோது மனைவி சொன்னாள், "பேருக்குப் பக்கத்தில அடைப்புக்குள்ள படிக்கட்டர் எண்டு போட்டுவிடுங்கோவன்." மாட்டேன் என்றேன். என் மகளின் கலியாணத்திலாவது என் அப்பா வைத்த பெயரோடு நிற்க வேண்டும் என்று ஓர் ஆசை. கார்ட் தபாலில் போனது. யாரோ தெரியாத மனிதர் ஆள் மாறி அனுப்பியிருக்கிறார் என்று பலர் அதை எடுத்து ஒரு பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கலியாணத்தன்று மண்டபத்தின் பின்பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள் வரிசையாக வெறுமையாய்க் கிடந்தன. மகள் மணவறையில் இருந்தபடி அந்த மேசைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். டிஸ்பாச்சர் அண்ணை வந்திருந்தார். அவருக்கு நான் ஜன்னலுக்குள்ளால் கையிலேயே கார்ட் கொடுத்திருந்தேன். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, என் தோளில் தட்டி, "சனம் குறைவு போல. கார்டில படிக்கட்டர் எண்டு போட்டிருக்கலாமே ஐசே" என்றார்.

அன்று முதல் எனக்கு ஒரு இலட்சியம் வந்தது. இந்த வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வியாதி வரும். அந்த மனிதருக்கு ஒரு பட்டம் வைத்து, அது அவர் பெயரை விழுங்குவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். 'ஜன்னலர்' என்று தொடங்கிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. 'தேத்தண்ணி' என்றேன். வெங்காயம் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "விடுங்கோ படிக்கட்டர் அண்ணை, உங்களுக்கு இது வராது" என்றான். ஒரு வெங்காயத்திடம் அனுதாபம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன நாட்கள் அவை.

பொறுத்தேன். சில வருடங்கள் கழிந்து ஒரு தைப்பொங்கலுக்கு மொன்ட்ரியால்-நோரில் ஒரு மண்டபத்தில் விழா. முதல் நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. இரண்டு ட்ரைவர்மார் சுகமில்லை என்று சொல்லிவிட்டதால் விழாவுக்கான தண்ணீர்ப் போத்தல்களும் சாப்பாட்டுத் தட்டுகளும் ஏற்றிய லொறியை டிஸ்பாச்சர் அண்ணையே ஓட்டிக்கொண்டு வந்தார். மண்டபத்தின் பின் ஒழுங்கைக்குள் திருப்பும்போது, கண்முன்னாலேயே, அவருடைய பின்சக்கரம் உறைந்த பனியில் ஏறியது. பெட்டி பக்கத்து வீட்டுப் பல்கனியை நோக்கிச் சரிந்து ஒரு விரல்கடை இடைவெளியில் நின்றது. முன்னுக்குப் போனால் மதில், பின்னுக்கு வந்தால் பல்கனி. வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டையும் காலில் பனிச்சப்பாத்துமாக அரைவாசித் தமிழ்ச்சனம் வெளியே வந்து நின்றது.

"ஸ்டியரிங்கை மற்றப் பக்கம் ஒடியுங்கோ அண்ணை."

"உது ஒடிக்கிற இடமில்லை, நேர விடச் சொல்லு."

"படிக்கட்டர் நிக்கிறார். அவருக்குத்தான் உந்த விஷயத்தில அனுபவம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனிக்குள்ளால் போனேன். அவர் கண்ணாடியை நாலு விரலளவு இறக்கினார். நெற்றியில் வேர்த்திருந்தது. "படிக்கட்டர், கொஞ்சம் பின்னுக்கு நிண்டு பாத்துச் சொல்லும். பல்கனி முட்டுதோ?"

பின்னால் நிற்பவனின் கையை நம்பித்தான் ஒரு லொறி பின்னுக்கு வரும். அந்தக் கையை 'வா, வா' என்று இரண்டு தரம் ஆட்டினால் போதும். பல்கனி கீழே வந்திருக்கும். கை குறுகுறுத்தது. ஆனால் எனக்கு வேண்டியது பல்கனி இல்லை.

"சொல்லுறன் அண்ணை. முதல்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. அப்பா வைச்ச பேர். இவ்வளவு சனமும் கேக்கச் சொல்லுங்கோ."

வீம்பு பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் வருடக்கணக்காகத் தயாரித்து வைத்திருந்தேன். அவர் வீம்பு பிடிக்கவில்லை. கண்ணை மேலே செருகி, உதட்டை அசைத்து, தேடினார்.

"சிவகுமாரோ?"

"இல்லை."

"குகன்..."

"குகன் உங்கட மச்சான்."

"உண்மையா ஞாபகம் வருகுதில்லை ஐசே" என்றார், மெதுவாக.

"கார்ட் தந்தனான் அண்ணை. கையில தந்தனான்."

ஒரு மனிதனை வருடக்கணக்காக மனதுக்குள் வைத்து வேகவைக்கிறோம். அவன் மனதில் நமக்கு ஒரு பெயர்கூட இல்லை. அதைவிட அவர் என் முகத்தில் அறைந்திருக்கலாம். "அப்ப இருந்து யோசியுங்கோ. நான் பொங்கல் சாப்பிட்டிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். முந்திரி கூடுதலாய் இருந்த பக்கமாகப் பார்த்து இரண்டாம் தரமும் வாங்கினேன். ஜன்னலால் அவருடைய வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடுவது தெரிந்தது. யாரோ ஒரு பொம்பிளைப்பிள்ளை அவருக்குத் தட்டில் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தது. பிறகு இழுவை வண்டிக்காரன் வந்து, அவர்களுக்கே உரிய அவசரத்தில் இழுத்தான். பல்கனியின் கம்பியும் அதில் கட்டியிருந்த நத்தார் விளக்குகளும் லொறியோடு கூடவே வந்தன.

அதன்பிறகு அவர் ஜன்னலில் அதிக நாள் இருக்கவில்லை. முதலாளிக்கும் அவருக்கும் ஏதோ பேச்சு. மகனோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். எனக்குக் கவலை வந்ததா என்று கேட்டால், வரவில்லை. பொங்கல் நன்றாக இருந்தது. ஒரு குறைதான்: அவருக்கு யாரும் பட்டம் வைக்கவில்லை. வைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே. சனம் என்னைத்தான் பேசியது. "படிக்கட்டர் கல்நெஞ்சன்" என்றார்கள். பெயர் இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது.

இந்தத் தை மாதம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரொறன்ரோ இலக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. குரல் நன்றாகத் தேய்ந்திருந்தது, ஆனாலும் முதல் மூச்சிலேயே டிஸ்பாச்சர் அண்ணை என்று தெரிந்துவிட்டது. கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லுவதுபோல, அப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால், ஓர் எழுத்தும் பிசகாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அப்படி ஒருவர் இருக்கிறாரோ என்று கேட்டார். யாரையோ விசாரித்து, பாடமாக்கிக்கொண்டு எடுத்திருக்க வேண்டும். எத்தனையோ பனிக்காலமாக நான் காத்திருந்த சொல் என் காதுக்குள் வந்து நின்றது. நான் சோற்றுக் கையை உதறிவிட்டு, போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நம்பர் மாறி எடுத்திட்டியள்" என்றேன். "இது படிக்கட்டர் வீடு."