தலைகீழ் ரயிலுக்கு வேண்டிய உயரம்

எங்கள் வீட்டுக்கும் உயரத்துக்கும் ஏழாம் பொருத்தம். அப்பா குட்டை. அம்மா அவரைவிட ஒரு சாண் குட்டை. சித்தப்பா மட்டும் நெட்டையான ஆள் மாதிரி நடப்பார். அது நடையில் இருந்ததே தவிர உடம்பில் இல்லை. இப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்த நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே நூற்றிருபது சென்டிமீட்டரைத் தாண்டினேன் என்பதை இன்றும் யாராவது கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஆரணியில் எங்கள் தெரு முழுக்கப் பட்டுத் தறிதான். ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பட்டுக்கு என்ன அவசரம்? வேலை கொஞ்சம் மந்தமாகும். அந்தச் சமயம் பார்த்துத் தெருக்காரர்கள் வேன் பிடித்து ஒருநாள் எங்காவது போய்வருவார்கள். எங்காவது என்றால் கோயில்தான். தேவிகாபுரத்து மலையில் ஏறி இறங்கிவிட்டால் அந்த வருஷத்துச் சுற்றுலா முடிந்தது. அந்த ஆடியில்தான் சித்தப்பா ஊர் மனசைக் கலைத்துவிட்டார். மெட்ராஸ் பக்கம் கடலோரமாக ஒரு பார்க் இருக்கிறது, அதில் ஆட்களைத் தலைகீழாகக் கொண்டுபோகும் ரயில் ஓடுகிறது என்று வீடு வீடாகச் சொல்லி, சாமிக்குப் போக இருந்த வேனைப் பார்க்குப் பக்கம் திருப்பிவிட்டார்.

திருப்பியதோடு விட்டாரா? பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தப் பார்க்கின் சட்டதிட்டங்களையும் பார்த்துவிட்டு வந்தார். நூற்றிருபது சென்டிமீட்டர் உயரம் இல்லாத பிள்ளைகளை ரயில் பக்கமே விடமாட்டார்கள். நூற்றிருபதிலிருந்து நூற்றுநாற்பது வரை உள்ளவர்கள் பக்கத்தில் ஒரு பெரியவரை உட்காரவைத்துக்கொண்டு போகலாம். அதற்கும் மேலே வளர்ந்தவர்கள் தனியாகப் போகலாம். உயரம் போதாத பிள்ளைகளுக்கென்று யானைக்குட்டி ராட்டினம் ஒன்று உண்டு. அதில் மூன்று வயதுக் குழந்தைகளும் ஏறலாம் என்று போட்டிருந்ததாம். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு யானைமேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

சித்தப்பா அன்றைக்கே என்னை அளந்தார். அம்மா அப்போது தறிக்குப் பாவு நூல் வாங்கிவரப் போயிருந்தாள். தறி ஓரம் சாத்தியிருந்த மீட்டர் கோலை எடுத்துச் சுவரில் நிமிர்த்தி, அதற்குமேல் இன்னும் கொஞ்சம் அளந்து, நூற்றிருபதுக்கு ஒரு கரிக்கோடு போட்டார். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதன் கீழே நின்றேன். மூச்சைப் பிடித்தால் உயரம் கூடும் என்பது என் நம்பிக்கை. கூடவில்லை. என் தலை கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றுவிட்டது.

"உனுக்கு யானக்குட்டி போதும்" என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்.

நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுவிட்டது. பாவோடு திரும்பி வந்த அம்மா, சமாதானம் சொல்லாமல் சுவர்க் கோட்டைத்தான் முதலில் போய்ப் பார்த்தாள். பிறகு என்னை இழுத்து அதன் கீழ் நிறுத்தி, தன் விரலை இடைவெளியில் வைத்துப் பார்த்தாள். "ஒரு வெரலுதான? இன்னும் ஒரு மாசம் கீது" என்றாள்.

அந்த ஒரு மாதம் அம்மா என்னை வளர்த்தாள். பெற்ற பிள்ளையை எல்லா அம்மாக்களும் வளர்க்கத்தான் செய்வார்கள்; இது அந்த வளர்ப்பு இல்லை. காலையில் அவித்த முட்டை. பள்ளிவிட்டு வந்ததும் உத்தரத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும். அம்மா தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டே, நூலோடு குறுக்கே ஓடும் நாடாவைத் தட்டும் கையை நிறுத்தாமல், "இன்னும் தொங்கு, இன்னும் கொஞ்சம்" என்பாள். கை விட்டுப்போய் நான் தொப்பென்று விழுந்தால் கோட்டடியில் போய் நிற்கச் சொல்வாள். அப்பாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "ஒரு மாசத்துல வளர்றதுக்கு அது இன்னா வாழக்கன்னா?" என்று கேட்டார். "நீங்க பேசாம இருங்க, வளரும்" என்று அம்மா சொன்னதில் இருந்த உறுதி எனக்குள்ளும் இறங்கிவிட்டது. என்மேல் இத்தனை அக்கறையா என்று நெஞ்சு நிறைந்துபோனது.

சுற்றுலாவுக்கு என்ன சமைப்பது என்று பேச ஒருநாள் பெரியம்மா வந்திருந்தார். அப்பாவின் அண்ணன் மனைவி. தெருப் பெண்களுக்கெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். பேச்சு அந்த ரயில் பக்கம் போனது. "ஆம்பளைங்க, புள்ளைங்க போவட்டும். பொம்பளைங்க நாம அதுல ஏறிகினு கூவிகினு இருந்தா பாக்கறவங்க சிரிப்பாங்க. நாம மரத்தடியா பார்த்து உக்காந்து பைங்களப் பார்த்துக்கலாம்" என்றார். மற்றப் பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மா புளியோதரைக்கு எத்தனை படி அரிசி என்று கேட்டாள்.

போகிற நாளும் வந்தது. மற்றப் பெண்கள் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். அம்மா பூவே வைக்கவில்லை. கொண்டையை இறுக்கி முடிந்து, முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி, எங்கெங்கோ ஊக்குக் குத்தியிருந்தாள். ஏன் பூ வைக்கவில்லை என்று கேட்டதற்கு, "காத்துல பறந்துடும்" என்றாள். வேன் சன்னல் காற்றைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பார்க்கில் நுழைந்ததும் பெரியம்மா சொன்னபடியே மரத்தடி பிடித்தாயிற்று. பெண்கள் பைகளையும் தூக்குகளையும் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் உட்காரவில்லை. என் தலைமுடியை அவிழ்த்து, உச்சந்தலையில் தூக்கி ஒரு கொண்டை போட்டாள். பார்ப்பவர்களுக்கு நான் சாமியார் மாதிரித் தெரிந்திருப்பேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக ரயில் வரிசைக்குப் போனாள். அப்பாவும் சித்தப்பாவும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

வரிசையின் முன்னால் தரையில் ஒரு கம்பம் நட்டு, அதில் குறுக்கே ஒரு கட்டை வைத்திருந்தார்கள். தலை அதில் இடித்தால் உள்ளே விடுவார்கள், இடிக்காவிட்டால் யானைக்குட்டிதான். தொப்பி போட்ட அண்ணன் ஒருவர் காவலுக்கு நின்றார். எனக்கு முன்னால் ஒரு பையனைத் திருப்பி அனுப்பினார். அவன் கம்பத்தை உதைத்துவிட்டுப் போனான். என் முறை வந்தது. என் கொண்டை கட்டையில் இடித்தது. அந்த அண்ணன் இதையெல்லாம் பார்த்துப் பழகியவர். "கொண்டைய அவுத்துட்டு நிக்கச் சொல்லுங்கம்மா" என்றார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அவள் ஹேர்பின்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். எனக்குக் கண் இருட்டியது. மறுபடியும் மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

உச்சந்தலையில் சில்லென்று கட்டை பட்டது. பட்டதா? இடித்தது! ஹேர்பின் இல்லாமல், கொண்டை இல்லாமல், வெறும் மண்டையே இடித்தது. நான் கட்டையைவிட ஒரு விரல் கூடுதலாகவே இருந்தேன்.

"போலாம். கூட யாரு வர்றீங்க?" என்றார் தொப்பிக்காரர்.

உலகத்தில் அதைவிட மரியாதையான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் போவது முடிவாகிவிட்டது. என்னோடு யார் வருவது என்பதுதான் இனிப் பேச்சு! சித்தப்பா வாயைப் பிளந்தார். முட்டை தின்று ஒரு மாதத்தில் இத்தனை வளர்ந்துவிட்டதா என்று அவருக்குப் புரியவில்லை. அம்மாவுக்குத்தான் பொறி தட்டியது.

"தம்பி, எந்தக் கோல்ல அளந்தீங்க?"

"தறியாண்ட சாத்தி இருந்துச்சே அண்ணி, அதுலதான்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தறியில் இறுக்கி இழுத்துக் கட்டிய சேலை, அறுத்து எடுத்ததும் கொஞ்சம் சுருங்கும். கடையில் அளக்கும்போது நீளம் குறைந்தால் பேஜார். ஆகவே எங்கள் வீட்டுத் தறிக்கோல் கடை மீட்டரைவிட இரண்டு விரல் நீளம். நெய்கிறவர்களுக்கு அது தெரியும். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிய சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. சேலை சுருங்கும் அளவை என் தலையில் கழித்துவிட்டார். "சேல அறுத்தா சுருங்கும், கொழந்த சுருங்குமா?" என்று அம்மா கேட்க, வரிசையே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கோல் பொய் சொன்னது, நான் உயரம்தான் என்பது போதுமாக இருந்தது.

கூட வருவதற்கு அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா செருப்பைக் கழற்றத் தொடங்கினார். அதற்குள் அம்மா, "கொழந்த பயந்துக்கும், நானே போறேன். ஜல்தியா வந்துடறோம்" என்று சொல்லித் தடுப்புக் கம்பியைத் தாண்டிவிட்டாள். பயமா, எனக்கா? நூற்றிருபதைத் தாண்டியவளைப் பார்த்துப் பேசுகிற பேச்சா அது! ஆனால் சண்டை போட நேரமில்லை. ரயில் வந்துவிட்டது.

மேலே ஏறும்போது கடகடவென்று சத்தம். கண்ணை மூடினேன். "கண்ணத் தொறடி! அதோ கடலு பாரு, கடலு!" என்று அம்மா கத்தினாள். அவள் இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தாள். வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மாவின் சிரிப்பு முந்தானைக்குள்தான் நடக்கும். அடுத்த நிமிஷம் உலகம் கவிழ்ந்தது. அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை.

இறங்கியதும் நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்மா கம்பிக்கு வெளியே நின்ற அப்பாவிடம், "கொழந்த இன்னொரு தபா கேக்குதுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. நான் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஆனால் அப்பாவும் சித்தப்பாவும் என்னை வியந்து பார்த்த பார்வையில், கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மறுபடி போனோம். குழந்தை அதற்கப்புறமும் கேட்டது. வெயில் சாயும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பி வரும்போது வேனில் பெரியம்மா அம்மாவை விசாரித்தார். அத்தனை உயரத்தில் மயக்கம் வரவில்லையா, வயிற்றைப் புரட்டவில்லையா என்று. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டே, "நான் எங்க பார்த்தேன் அக்கா? கண்ணையே தொறக்கல. இது அடம் புடிச்சுதேன்னு போனேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணை மூடியது யார், திறந்தது யார்? சொல்ல வாயைத் திறந்தவள், சட்டென்று விஷயம் பிடிபட்டு நிறுத்திக்கொண்டேன். தானே பயந்ததாகச் சொல்லி, அம்மா என் வீரத்தை ஊரறியச் செய்கிறாள்! பெற்றவளின் இந்தத் தியாகத்தை வீணாக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, வேன் முழுக்கக் கேட்கும்படி, "ஆமா பெரியம்மா, அம்மா ரொம்ப பயந்துச்சு. நான்தான் கெட்டியா புடிச்சிகினேன்" என்றேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படிப் பெருமையாக அவள் என்னை அதற்குமுன் பார்த்ததே இல்லை. என் உயரத்துக்காகத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.